சாக்குப் பையில் அடங்காத கணக்கு

எங்கள் அடுக்ககத்தில் பூனைத் தொல்லை தாங்காமல் ஒரு தை மாதத்தில் ஆள் வைத்துப் பிடித்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு, மோட்டார் அறைக்குப் பின்னால் மூன்று. ஒன்பதையும் சாக்கில் கட்டி, ஏரிக்கரை தாண்டி விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் அமைதி. ஆடி பிறப்பதற்குள் மறுபடியும் எட்டுப் பூனைகள் வந்துவிட்டன. பழைய ஒன்பதில் ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை. முன்னங்கால் மட்டும் கறுத்த வெள்ளைப் பெட்டை ஒன்று, வால் மடங்கிய கடுவன் ஒன்று, அவற்றின் பின்னால் குட்டிகள். எல்லாமே புதுமுகம். “எங்கிருந்து சார் வருது இதெல்லாம்?” என்று காவலாளி கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே கேள்வியை அமெரிக்க நகராட்சிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே சாக்குக்குப் பதில் ஊசி. பிடித்த பூனையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய், சில நாளில் மருந்து செலுத்தி உயிரை எடுப்பார்கள். அதற்குக் கருணைக்கொலை என்று பெயர். நோயில் துடிக்கும் உயிருக்குச் செய்தால் அந்தப் பெயர் பொருந்தும். நன்றாக ஓடியாடும் பூனையை, வைத்துக்கொள்ள ஆளில்லை என்பதற்காகக் கொல்வதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைவிட முக்கியமான சங்கதி, அத்தனை உயிரை எடுத்தும் தெருவில் பூனைகள் குறையவில்லை என்பது.

ஐந்து வாரச் சாளரம்

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகிவிட வேண்டும். காட்டுப்பூனை என்பது தனி இனம். கரும்புக் காட்டிலும் புதரிலும் வாழும் நீண்ட காலுள்ள விலங்கு. நாம் பேசுவது வீட்டுப்பூனையேதான், ஆனால் மனிதக் கை படாமல் வளர்ந்தது. இந்த அத்தியாயத்தில் அதைத் திரிபூனை என்று அழைப்போம்.

பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான். அந்த நாட்களில் ஒரு கை அதைத் தூக்கி, தடவி, வாயருகே சோறு வைத்திருந்தால் அது மடிப்பூனை. யாரும் தொடாமல் அந்த வாரங்கள் கடந்துவிட்டால், அதே தாயின் அதே ஈத்துக் குட்டி வாழ்நாளெல்லாம் மனிதரைக் கண்டால் ஒடுங்கும், சீறும். பிற்பாடு எவ்வளவு அன்பு காட்டினாலும் பெரும்பாலும் மாறாது.

காப்பகங்களில் நடப்பதற்குக் காரணம் இதுதான். மடிப்பூனையைத் தத்தெடுக்க ஆள் கிடைக்கும். கூண்டின் மூலையில் காதை மடக்கிப் பதுங்கியிருக்கும் திரிபூனையை யார் எடுப்பார்கள்? மூன்று நான்கு நாள் வைத்திருந்துவிட்டு ஊசி போட்டுவிடுவார்கள். காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் முன்னால் வேறு வழி வைக்கப்படவில்லை.

காலி இடம் காலியாக இருப்பதில்லை

பூனை ஓர் இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் அடுக்ககத்தில் குப்பைத்தொட்டி, மீன் கழுவும் தண்ணீர், மோட்டார் அறையின் கதகதப்பு. இவை எத்தனை பூனைக்குப் போதுமோ, சுமாராக அத்தனை பூனை அங்கே இருக்கும். இருக்கிற பூனைகள் புதுப் பூனையை உள்ளே விடாது. நள்ளிரவில் மதில்மேல் கேட்கும் அந்த நீண்ட ஊளை பெரும்பாலும் எல்லைத் தகராறுதான்.

ஒன்பது பூனைகளை ஒரே நாளில் அகற்றினால் என்ன ஆகும்? குப்பைத்தொட்டி அப்படியே இருக்கிறது, மீன் தண்ணீர் அப்படியே இருக்கிறது, காவலுக்குத்தான் ஆளில்லை. பக்கத்துத் தெருவில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த இளம் பூனைகள் உள்ளே வருகின்றன. வயிறு நிறைகிறது, குட்டி போடுகின்றன, போட்ட குட்டி பிழைக்கிறது. இதை வெற்றிட விளைவு என்பார்கள்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் தாஸ்மேனியத் தீவின் காடுகளில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். சில இடங்களில் ஓராண்டுக்கும் மேலாகப் பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள். தானியங்கிக் கேமராக்களை வைத்து, முன்னும் பின்னும் எண்ணினார்கள். முடிவு 2015-இல் வெளியானது. கொன்ற காலத்தில், கொன்ற இடங்களில், பூனைகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் 75 சதவீதமும் இன்னோரிடத்தில் 211 சதவீதமும் கூடியிருந்தது. ஆதிக்கம் செலுத்திய பெரிய பூனைகள் போனதும் சுற்றுவட்டாரத்துப் பூனைகள் உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எங்கள் காவலாளியின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில் பெட்டைகளின் வயிற்றில்.

பெட்டைகளின் கணக்கு

ஒரு ஜோடிப் பூனை ஏழே ஆண்டில் 4,20,000 பூனைகளாகப் பெருகும் என்று ஒரு கணக்கு சுவரொட்டிகளில் பல காலம் உலாவியது. பிறந்த குட்டி எல்லாம் பிழைத்து, பிழைத்த பெட்டை எல்லாம் இடைவிடாமல் ஈன்றால்தான் அந்த எண் வரும். நல்ல நோக்கத்தில் சொன்னதுதான் என்றாலும், பொய்க்கணக்கு கெடுதலே செய்யும். இவ்வளவு பெருகுமென்றால் எதுவும் செய்து பயனில்லை என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

மெய்க்கணக்கு வேறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் திரிபூனைகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பெட்டை ஆண்டுக்குச் சராசரியாக 1.4 முறை ஈனுகிறது. ஓர் ஈத்துக்குப் பெரும்பாலும் மூன்று குட்டி. அவர்கள் கண்ணில் பட்ட 169 குட்டிகளில் 127, ஆறு மாதம் ஆகுமுன்பே செத்தன அல்லது காணாமல் போயின. நான்கில் மூன்று! வண்டிச் சக்கரம், நாய், சளி, பசி.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு முற்றத்தைக் கற்பனை செய்வோம். அதில் 20 பூனைகள், பாதி பெட்டை. பத்துப் பெட்டைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 42 குட்டி போடும். நான்கில் ஒன்று பிழைத்தால் புதிதாகச் சேர்பவை பத்து.

இப்போது ஐந்து பெட்டைகளுக்குக் கருத்தடை செய்கிறோம். குட்டிகள் 21 ஆகக் குறையும். பிழைப்பவையும் ஐந்தாகக் குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் குட்டி குறைந்தால் போட்டி குறைகிறது. ஒவ்வொன்றுக்கும் சோறு கூடுதலாகக் கிடைக்கிறது. நான்கில் ஒன்று பிழைத்த இடத்தில் இரண்டில் ஒன்று பிழைக்கிறது என்று வையுங்கள். 21-இல் பாதி, மறுபடியும் பத்து! இவ்வளவு பாடுபட்டும் முற்றத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. “கருத்தடையெல்லாம் வீண்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்.

இன்னும் மூன்று பெட்டைகளைப் பிடிக்கிறோம். ஈனக்கூடியவை இரண்டே. ஆண்டுக்கு எட்டுக் குட்டி. பாதி பிழைத்தாலும் நான்குதான். 20 பூனைகளில் ஆண்டுக்கு ஐந்தாறு முதுமையிலும் விபத்திலும் போய்விடும் என்றால், வரவைவிடச் செலவு கூடுகிறது. முற்றம் மெல்லக் காலியாகத் தொடங்குகிறது.

குட்டிகளின் பிழைப்பு இரட்டிப்பாகும் என்பதும், ஆண்டுக்கு ஐந்தாறு சாகும் என்பதும் விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஆனால் பாதி வேலைக்குப் பாதிப் பலன் கிடைக்காது, பலனே கிடைக்காமலும் போகலாம் என்பது களத்தில் கண்ட உண்மை. இஸ்ரேலின் ரிஷோன் லெசியோன் நகரில் 12 ஆண்டுகள் இதற்காகவே ஒரு சோதனை நடத்தி, 2022-இல் வெளியிட்டார்கள். முதல் கட்டத்தில் எதுவும் செய்யாமல் எண்ண மட்டும் செய்தார்கள். அடுத்த கட்டத்தில் நகரின் சில பகுதிகளில் மட்டும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பூனைகளுக்குக் கருத்தடை. எண்ணிக்கை குறையவில்லை, பக்கத்துப் பகுதிகளிலிருந்து பூனைகள் வந்துகொண்டிருந்தன. கடைசிக் கட்டத்தில் நகர் முழுக்க இடைவெளியில்லாமல் செய்தபோதுதான் ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம் குறையத் தொடங்கியது. அப்போதும், கருத்தடை செய்யாமல் விடுபட்ட பூனைகளின் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்ததையும் பார்த்தார்கள்.

காது நுனி

பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவது. கேட்க எளிது. நாய்களுக்கு இந்த முறை நமக்குப் பழக்கமானதுதான். கொல்வதை விட்டுச் சென்னை மாநகராட்சி 1996-இல் இதற்கு மாறியது, அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியது புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு. நாயை வலையில் பிடிக்கலாம். பூனைக்குக் கூண்டு வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தின் வெள்ளைப் பெட்டையைப் பிடிக்க மூன்று இரவு ஆனது. முதல் நாளே சோறு வைப்பதை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த பூனை கூண்டுக்குள் எட்டிப் பார்க்காது. எலிப்பொறியின் அண்ணன் போல ஒரு நீளக் கூண்டு. கோடியில் மத்தி மீன். நடுவில் ஒரு தகடு, மிதித்தால் கதவு விழும். முதலிரண்டு இரவும் மீனின் வாசத்தை மட்டும் முகர்ந்துவிட்டுப் போனாள். மூன்றாம் இரவு தகட்டுக்கு முன்னால் நின்று, கழுத்தை நீட்டி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி வெகுநேரம் யோசித்தாள். கதவு விழுந்த சத்தத்தில் கூண்டே அதிர்ந்தது. உடனே மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டோம். இருட்டானதும் அடங்கிவிடும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார், சொன்னபடியே அடங்கினாள்.

மறுநாள் அறுவை மேசையில் அவளை முதன்முதலாக அருகில் பார்த்தேன். மயக்கத்தில் நாக்கு ஓரமாகத் தொங்க, எலும்பும் தோலுமாக இருந்தாள். வயிற்றில் இரண்டு சென்டிமீட்டர் கீறல். மருத்துவர் ஒரு வளைந்த கொக்கியால் தேடி எடுத்துக் காட்டிய சினைப்பை, பாசிப்பயறைவிடப் பெரியது, மொச்சையைவிடச் சிறியது. இத்தனை சச்சரவும் அதிலிருந்துதான். கரையும் நூலால் தைத்தார். பிரிக்க மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். கடைசியாக, மயக்கம் தெளியுமுன் இடது காதின் நுனியில் ஒரு சென்டிமீட்டரை நேர்க்கோடாக வெட்டினார். எனக்குத் துணுக்கென்றது. “இது இல்லைன்னா அடுத்த வருஷம் இதே பூனையை இன்னொருத்தர் பிடிச்சு மறுபடியும் வயித்தைக் கீறுவார்” என்றார். தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் அது. பூனைகளுக்குக் காது வெட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இருக்கிறது.

மறுநாள் மாலை மோட்டார் அறை அருகே கூண்டைத் திறந்தோம். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கடுவன்களுக்கு இன்னும் எளிது, ஒரே நாளில் விடலாம். கருத்தடை ஆன கடுவனிடம் சண்டையும், நாற்றமடிக்கும் மூத்திரத்தைச் சுவரில் பீய்ச்சுவதும் பெரிதும் குறைந்துவிடும். குடியிருப்போர் முறையீடுகளில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றியவைதான் என்பதால், எண்ணிக்கை குறையுமுன்பே சச்சரவு குறைகிறது.

ஆர்லாண்டோ வளாகத்தின் 155 பூனைகள்

நீண்ட காலம் பொறுமையாகக் கணக்கு வைத்த இடம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ நகரை ஒட்டிய மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகம். 1991-இல் சில தன்னார்வலர்கள் அங்கே திரிந்த பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பூனைக்கும் பதிவு. குட்டிகளையும் பழகக்கூடிய பூனைகளையும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். மற்றவற்றைத் திரும்ப விட்டுச் சோறு வைத்தார்கள். கால்நடை மருத்துவர் ஜூலி லெவி, களப்பணியாளர்களோடு சேர்ந்து இந்தப் பதினோரு ஆண்டுப் பதிவை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்.

மொத்தம் 155 பூனைகள். அவற்றில் 73 தத்துப் போயின. 23 வளாகத்திலேயே எஞ்சின. 23 காணாமல் போயின. 10 இறந்து கிடந்தன. 9 சுற்றியிருந்த காட்டுக்குப் போய்விட்டன. 17 பூனைகளுக்கு மருத்துவர்கள் கருணைக்கொலைதான் செய்ய வேண்டியிருந்தது. அந்த 17-ஐ மறைக்காமல் எழுதியதாலேயே மற்ற எண்களை நான் நம்புகிறேன்.

1996-இல் வளாகத்தை முழுமையாக எண்ணியபோது 68 பூனைகள் இருந்தன. 2002-இல் 23. 1995-க்குப் பிறகு வளாகத்தில் ஒரு குட்டியும் கண்ணில் படவில்லை. எஞ்சிய 23-இல் பெரும்பாலானவை ஆறு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே வாழ்ந்தவை. தெருப்பூனைக்கு இது நெடிய ஆயுள். ஈன்று ஈன்று தேய்வதும் ஓயாமல் சண்டையிடுவதும் நின்றதற்கு அதில் பங்கிருக்க வேண்டும். வேலை அத்துடன் நிற்கவில்லை. 28-ஆவது ஆண்டில் மறுபடி எண்ணினார்கள். அதற்குள் பதிவேட்டில் ஏறிய பூனைகள் 204. வளாகத்தில் இருந்தவை 10.

அந்தப் பதிவில் என்னை நிறுத்தியது 73 என்ற எண். ஏறத்தாழப் பாதிப் பூனைகள் வீடு சேர்ந்திருக்கின்றன. கத்தி மட்டும் இவ்வளவு வேகமாகக் குறைத்திருக்காது. ஐந்து வாரச் சாளரம் மூடுமுன் குட்டிகளைக் கையில் எடுத்தவர்கள்தான் கணக்கைச் சாய்த்தார்கள். இன்னொன்று, புதிதாக யாராவது கொண்டுவந்து விட்ட பூனை சோற்றுத் தட்டருகே வந்த உடனே அடையாளம் தெரிந்துவிடும். அது ஈனுமுன் பிடித்துவிடுவார்கள். சோறு வைப்பதைத் தினசரி எண்ணிக்கையாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

அதே ஃபுளோரிடாவில், மயாமியின் இரண்டு பூங்காக்களில் இதே முறை தோற்றது. அங்கேயும் கருத்தடை செய்தார்கள், சோறும் வைத்தார்கள். சோற்றுத் தட்டைப் பார்த்த ஊர்க்காரர்கள், இங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று தங்களுக்கு வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பழைய பூனைகள் குறையக் குறையப் புதியவை ஈடுகட்டின. முறை ஒன்றுதான். வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்தான் இரண்டும் வேறுபட்டன.

பறவைகளின் பக்கம்

காது வெட்டிய பூனையும் வேட்டையாடும். சோறு வைத்தாலும் வேட்டையாடும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. எனவே பறவைகளுக்காகப் பேசுபவர்கள் “திரும்ப விடுவது” என்ற சொல்லையே எதிர்க்கிறார்கள். அவர்களை நான் பூனையின் பகைவர்களாகப் பார்க்கவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவில் 1949-இல் எலித் தொல்லைக்காக 5 பூனைகளைக் கொண்டுவிட்டார்கள். 1970-களில் அவற்றின் வழித்தோன்றல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,50,000 கடற்பறவைகளைக் கொன்றன. வளைதோண்டி முட்டையிடும் அந்தப் பறவைகளுக்குப் பூனை என்றால் என்னவென்றே தெரியாது. 1991-க்குள் கடைசிப் பூனை வரை அகற்றினார்கள். சுற்றிலும் கடல் என்பதால் காலி இடத்துக்கு வர வேறு பூனை இல்லை. அங்கே அகற்றுவது பலித்தது. அத்தகைய தீவில் கருத்தடை செய்து விட்டுவிட்டு ஒவ்வொன்றும் முதுமையில் இறக்கப் பத்து ஆண்டு காத்திருங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. எங்கள் வண்டி நிறுத்துமிடம் மரியன் தீவு இல்லை. அரிய பறவைகள் கூடுகட்டும் ஏரி, சதுப்பு நிலங்களின் கரையில் பூனைச் சோறு வைப்பவர்கள், தட்டைத் தெருப்பக்கம் தள்ளி வைக்கவாவது வேண்டும்.

ஒரே ஊசி

கருத்தடையின் பெரிய தடை அறுவை மேசைதான். மயக்க மருந்து, அறுவை மருத்துவர், ஓய்வுக்கூண்டு இவையெல்லாம் வேண்டும். போதுமான பூனைகளுக்குக் கருத்தடை செய்ய முடியாமல் பல ஊர்கள் தடுமாறுவது இதனால்தான். அறுக்காமல் முடியுமா?

அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் நடந்து, 2023-இல் முடிவு வெளியான ஒரு சோதனை நம்பிக்கை தருகிறது. சினைப்பையில் முட்டைகள் முதிர்வதை இயற்கையாகவே மட்டுப்படுத்தும் ஒரு சுரப்பு உண்டு. அந்தச் சுரப்பைச் செய்வதற்கான மரபணுவை, தீங்கு செய்யாத ஒரு வைரஸில் ஏற்றித் தொடைத் தசையில் ஒரே ஒரு ஊசியாகப் போட்டார்கள். தசையே அந்தச் சுரப்பைத் தயாரிக்கத் தொடங்கியது. ஊசி போட்ட பெட்டைகள் ஆறு, போடாதவை மூன்று. கடுவனோடு மாதக்கணக்கில், இருமுறை சேர்த்து வைத்தார்கள். ஊசி போடாத மூன்றும் குட்டி போட்டன. போட்ட ஆறில் ஒன்றுகூடப் போடவில்லை. ஒன்பது பூனைகளில் பார்த்தது தெருவுக்கு வர இன்னும் காலம் ஆகும். ஆனால் கூண்டில் இருக்கும்போதே ஊசி போட்டு அன்றைக்கே திறந்துவிடும் நாள் வந்தால், மருத்துவமனையே இல்லாத ஊரிலும் இந்தக் கணக்கைத் தீர்க்கலாம்.

நியூபரிபோர்ட்டின் கடைசிப் பூனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நியூபரிபோர்ட் என்றொரு சிறு துறைமுக ஊர். அதன் ஆற்றங்கரையில் 1992-இல் சுமார் 300 திரிபூனைகள் இருந்தன. ஊரார் சிலர் சங்கம் அமைத்து, பிடித்து, கருத்தடை செய்து, பழகியவற்றை வீடுகளுக்குக் கொடுத்து, மற்றவற்றைக் கரையிலேயே விட்டுச் சோறு வைத்தார்கள். பதினேழு ஆண்டுகள் வைத்தார்கள். தட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் ஒரே தட்டு, ஒரே பூனை. ஸோரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். 2009 டிசம்பரில் அது இறந்தது. அதன் பிறகு அந்தக் கரையில் சோறு வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

எங்கள் மோட்டார் அறைக்குப் பின்னால் இப்போது ஐந்து பூனைகள். நான்கின் இடது காது நுனி நேராக இருக்கிறது. ஐந்தாவது போன வாரம்தான் வந்தது, பழுப்பு நிறம், பெட்டை போலத் தெரிகிறது. கூண்டைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம்.